தட்சிணசித்ரா: பிள்ளைகளோடு ஒரு பகல்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, 1996 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்த மகள் இறங்கவே மறுத்தாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்கிறவளுக்குத் திண்ணை என்பதே புதிது.

மகனுக்கோ குயவர் சக்கரம். முதல் சட்டி கோணிச் சரிந்தது. குயவர் அவன் கட்டைவிரலைப் பிடித்து மண்ணின் நடுவில் அழுத்தினார். குழி விழுந்து, விளிம்பு மெல்ல எழும்பியது. அவன் மூச்சுவிடக்கூட மறந்து பார்த்தான். ஈரம் காயாத அந்தச் சட்டியை வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.