52-36 கழற்றி 50-34 மாட்டிய பிறகு

என் ரோடு பைக்கோடு வந்தது ஷிமானோ 105 ஆர்7000 கிராங்க்செட், அதாவது பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத் தொகுதி. முன்னால் 52, 36 பல் உள்ள இரண்டு சக்கரம் (52-36), பின்னால் 11 முதல் 28 பல் வரையிலான சக்கர அடுக்கு, அதாவது 11-28 கேசட். சேலம், நாமக்கல் பக்கத்துச் சமவெளி ரோட்டுக்கு அது தாராளம், கொஞ்சம் கெத்தும்கூட. கொல்லிமலையில்தான் குட்டு உடைந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. இன்னும் எத்தனை பாக்கி என்று எண் பலகை வேறு குத்திக்காட்டும். முப்பதாவது வளைவைத் தாண்டியதும் பெடல் நிமிடத்துக்கு 45 சுற்றுக்கு மேல் நகரவில்லை, முட்டி விண்விண்ணென்று தெறித்தது. இறங்கித் தள்ளினேன். மொபட்டில் வந்த பெரியவர், "வண்டி ரிப்பேரா தம்பி?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

முன்னால் பல் குறைந்தால் ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும் என்று 50-34க்கு மாற நினைத்தேன். அதற்கு முழு கிராங்க்கையும் மாற்றணும் என்றார்கள் ஒரு கடையில். தேவையே இல்லை. இந்த மாடலில் 50-34, 52-36, 53-39 எல்லாமே அதே நான்கு போல்ட் துளையில்தான் உட்காரும். செயின்ரிங் எனும் அந்த முன் பல்சக்கரம் இரண்டை மட்டும் வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். 52ஐவிட 50 பல் ரிங்கின் விளிம்பு 4 மி.மீ. உள்ளே இருக்கும், செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் தள்ளும் முன் டிரெய்லியரை அந்த அளவுக்கு இறக்க வேண்டும். நான் இறக்காமல் ஓட்டி, செயின் உள்பக்கம் விழுந்து, பிரேமில் ஒரு கீறல்.

சரி, மலையில் எப்படி? உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றம்தான். அதே ஏழு சொச்சம் கி.மீ. வேகத்தில் 45 சுற்று 48 ஆனது, அவ்வளவே. அப்புறம் கேசட்டை 11-32 ஆக மாற்றினேன், பின்னால் பல் கூடினாலும் மிதிப்பது லேசாகும்; 54 வந்தது. முட்டி வாயை மூடிக்கொண்டது. பழைய 36ஐயே வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் மாற்றியிருந்தாலே 51 கிடைத்திருக்கும் என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் முதலில் கேசட்டில் கை வையுங்கள். ஆனால் பின் டிரெய்லியரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் அது 30 பல் வரைதான் தாங்கும், நீளக் கூண்டு 34 வரை.

உச்ச வேகம் போய்விடுமே என்பவர்களுக்கு: 90 சுற்றில் 52-11 கொடுப்பது சுமார் 54 கி.மீ., 50-11 கொடுப்பது 52. அந்த வேகத்தில் நான் பெடல் மிதித்ததே இல்லை, இறக்கத்தில் பிரேக்கைத்தான் பிடித்திருக்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு. ஊருக்குள் 25, 26 கி.மீ.யில் போகும்போது 34 சின்னதாகவும் 50 பெரிதாகவும் படுகிறது, முன் கியரை மாற்றும் இடது கைக்கு ஓயாத வேலை.