கீழக்கரைப் பழம்பொருள் கடையில் ஒரு ஜெர்மன் பதக்கப் பட்டை

பழம்பொருள் சேகரிப்போர் இந்தக் கடைக்குத் தயங்காமல் போகலாம். நான் வாங்கியது இரண்டு பதக்கங்களைச் சேர்த்துத் தைத்த பட்டை: முதல் உலகப் போரில் வழங்கப்பட்ட 1914 இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு, அதையடுத்து அப்போரில் பணியாற்றியவர்களுக்காக 1934இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நிறுவிய கௌரவச் சிலுவை. பின்னதில் வாள்கள் இருப்பதால் போர்முனையில் நின்றவருடையது.

"காக்கா (அண்ணா), பின்பக்கத்தைப் பார்க்கலாமா?" என்றதும் கடைக்காரர் உருப்பெருக்கி, காந்தம், புற ஊதா விளக்கு மூன்றையும் எடுத்து வைத்தார். இதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். இரும்புச் சிலுவையின் நடுத்தகடு காந்தத்தை இழுத்தது. அது மட்டும் போதாது, போலியிலும் இரும்பு உண்டு. வெள்ளிச் சட்டத்தின் இரு பாதிகளும் சேரும் இணைப்பு விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரிந்தது; ஒரே வார்ப்பாகச் செய்த போலியில் அது இராது. விளக்கொளியில் தையல் நூல் ஒளிரவில்லை. இக்கால நூல்கள் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். பின்புறக் கம்பளித் துணியில் ஊசியின் துரு ஊறி, அதே வடிவில் பழுப்புத் தடம் பதிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

கண்ணாடிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம்கூட இல்லாதது பெருங்குறை. கடலோர உப்புக்காற்றில் நடுத்தகட்டின் கறுப்பு வண்ணம் ஓரங்களில் உரியத் தொடங்கிவிட்டது. விலை சற்று அதிகம்தான். பேரம் பேசினால் குறைக்கிறார்.