துலிப் கிழங்கு என்று 4,200 ரூபாயை வாரிக்கொண்டு போய்விட்டார்கள்

ஆன்லைனில் செடியும் கிழங்கும் விற்கிற ஒரு கடை, என்னிடம் 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் இந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

மாசியில் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சாந்தி என்கிற வயது நிறைவு விழா. அன்றைக்கு வளவில், முற்றத்தைச் சுற்றி வைத்த தொட்டிகளில் துலிப் பூத்திருக்க வேண்டும் என்று ஆசை. துலிப் கிழங்கு 9 டிகிரிக்குக் கீழே 12 வாரமாவது கிடந்தால்தான் தண்டு நீண்டு ஒழுங்காகப் பூக்கும். காஷ்மீரில் அதைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். நமக்கு மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது. போனில் நான் முதலில் கேட்டதே இதைத்தான்.

"ஆச்சி, குளிர் அறையில மூணு மாசம் வச்சதைத்தான் அனுப்புறோம். நட்டுத் தண்ணி ஊத்துங்க, அஞ்சு வாரத்துல பூ பாருங்க" என்றார் அந்தத் தம்பி. வாய் நிறைய ஆச்சி, ஆச்சி என்று பேசினார். நான் கேட்காமலே குளிர் அறை வீடியோவும் அனுப்பினார். இவ்வளவு விவரமாகப் பேசுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? உடனே 4,200 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

வந்த பெட்டியில் பாதி அழுகல், பச்சைப் பூஞ்சணம். மீதி துலிப்பே இல்லை! துலிப் கிழங்கை நறுக்கினால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். இவை தட்டையாக, உள்ளே ஒரே கெட்டியாக இருந்தன. அத்தனையும் கிளாடியோலஸ்.

கேட்டால் "உங்க ஊர் செம்மண் சரியில்லை" என்கிறார்கள். நான் இன்னும் நடவே இல்லையே! அப்புறம் "கூரியர்ல கேளுங்க மேடம்." அப்புறம் "பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருக்கணும்." இதை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் "மேனேஜர் கூப்பிடுவார்." எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. 4,200 ரூபாய்! சாந்திக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், தொட்டியெல்லாம் வெறும் மண்ணோடு கிடக்கிறது.

நீலத் துலிப் படம் போட்டு விற்கிற கடைப் பக்கமே போகாதீர்கள், அசல் நீலத்தில் துலிப் கிடையாது. முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். நம் வெயிலுக்கு நிலச்சம்பங்கி, மழை லில்லி எல்லாம் நன்றாகவே வரும், கிழங்கைக் கையில் அமுக்கிப் பார்த்து நர்சரியில் வாங்குங்கள். பேசியதையும் பணம் போட்டதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், அந்த 4,200 ரூபாயை விடுவதாக இல்லை.