பதினாறு வருடமாக என் மேசையில் இருக்கும் காசுப் புத்தகங்கள்

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு பழைய பாத்திரக் கடையில் வாங்கிய செப்புக்காசை, ராஜராஜன் காசு என்று மூன்று வருடம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருபுறம் நிற்கும் ஆள், மறுபுறம் உட்கார்ந்த ஆள், அவர் கைப்பக்கம் மூன்று வரி நாகரி எழுத்து. "அசல் சோழர் காசு சார்" என்றார் கடைக்காரர். எனக்கு நாகரி படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

2009இல் மிட்சினர் எழுதிய தென்னிந்திய நாணய நூலின் தமிழகம், கேரளம் பகுதி கைக்கு வந்தது. 1998இல் வெளியான புத்தகம், ஆங்கிலம்தான். அன்றிரவே காசை எடுத்து, சோழர் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'ஸ்ரீ ராஜராஜ' என்றால் 'ஜ' இரண்டு இடத்தில் வர வேண்டும் அல்லவா? என் காசில் ஒன்றுகூட இல்லை. லென்ஸை வைத்து ஒவ்வொரு கோடாக வரைந்து பார்த்ததில் கடைசி வரி 'பாஹு' என்று வந்தது. அப்புறம் 1924இல் காட்ரிங்டன் எழுதிய இலங்கைக் காசு நூலைத் தேடிப் பிடித்தேன். என்னுடையது பராக்கிரமபாகு காசு. 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்டவர். ராஜராஜன் காசின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவருக்குப் பின் நிசங்கமல்லன், லீலாவதி என்று வந்தவர்களும் அதே ஆளை நிற்க வைத்து, உட்கார வைத்துக் காசு அடித்திருக்கிறார்கள். நான் கொடுத்த விலையில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் என் காசு தஞ்சாவூரிலிருந்து கடல் தாண்டிப் போய்விட்டது.

"காசு குடுத்துக் காசு வாங்குறது போதாதுன்னு இப்ப புத்தகமும் வேறயா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் புத்தக விலைக்குப் பத்துப் பதினைந்து நல்ல செப்புக்காசு வாங்கியிருக்கலாம். அவற்றில் எத்தனை பராக்கிரமபாகு, எத்தனை போலி என்று மட்டும் தெரிந்திருக்காது.

புத்தகத்தில் முதலில் எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். எடை போட்டிருக்கும் இடத்துக்குக் கண் போக எனக்கு நான்கு வருடம் ஆனது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போன ஒரு நாள், ஒருவரிடம் திபேரியஸ் சீசரின் வெள்ளிக்காசு ஒன்று வாங்கினேன். அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறது, ரோமானியக் காசு வருவதில் என்ன ஆச்சரியம் என்று மனசு தானாகக் கதை கட்டிக்கொண்டது. படத்தோடு ஒப்பிட்டால் தலை, எழுத்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் எல்லாமே சரி. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிய பிறகு எடை போட்டேன். 3.6, 3.7 கிராம் இருக்க வேண்டியது 2.9 காட்டியது. விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவினால் மெல்லிய கோடு. அசல் காசு அச்சை வைத்து அடித்தது, அதில் வார்த்து ஒட்டிய கோடு இருக்காது; என்னுடையது வார்த்த போலி. படம் மட்டும் பார்த்தால் கள்ளனும் அதே படத்தைப் பார்த்துத்தான் வார்த்திருப்பான்.

ரோமானியக் காசு பிடித்துப்போனவர்கள் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பெரிய ஆங்கில நூலின் பத்துத் தொகுதிகளையும் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக்காசுகளுக்கு முதல் தொகுதி போதும். தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பவை 4, 5ஆம் நூற்றாண்டின் பொடிச் செப்புக்காசுகள். அவற்றுக்கு எட்டு, ஒன்பது, பத்தாம் தொகுதிகள், அதாவது கி.பி. 337 முதல் 491 வரை. இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைப் பக்கம் கிடைத்த இந்த வகைக் காசுகளுக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். நம் ஊர்க்காரருக்கு அதிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். நம் கைக்கு வருவது மாதிரியே தேய்ந்துபோன காசுகள்தான் அதில் வரும். ஐரோப்பிய நூல்களில் இருப்பதெல்லாம் மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நிற்கும்.

போனில் தேடினால் கிடைக்காதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிடைக்கும், நானும் தேடுகிறேன். ஆனால் சுண்டுவிரல் நகமளவு காசும் திரையில் தோசைக்கல் மாதிரி தெரியும். நூலில் அசல் அளவில் அச்சிட்ட படத்தின் மேலேயே காசை வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று, போனில் தேட முதலில் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாமல்தானே புத்தகத்தைத் திறக்கிறோம்.

குறையும் சொல்கிறேன். விலை போட்ட கேட்டலாக்குகளில் அந்தப் பகுதி வாங்கிய வருடமே பழசாகிவிடும். நான் அதைப் பார்ப்பதே இல்லை. எந்தக் காசு எந்த அரசனுடையது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒரே காசு இரண்டு நூலில் இரண்டு வம்சமாக இருக்கும். அதனால் பென்சிலில் ஓரத்தில் குறித்து வைக்கிறேன், பேனா தொடுவதில்லை. அப்புறம் நம் கடற்கரைக் காற்று. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓடு பறந்து, அலமாரியின் மேல்தட்டு நனைந்தது. இரும்புப் பெட்டியில் இருந்த காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பழைய கேட்டலாக்கின் படத்தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்ததும் பலகையாகிவிட்டன. பிரிக்கப் போனால் படம் தோலோடு வருகிறது. வழவழப்பான தாள் நனைந்தால் ஈரமாக இருக்கும்போதே இடையிடையே வெறும் தாள் செருகிவிட வேண்டுமாம். எனக்குத் தெரிந்தபோது கரண்டே வந்துவிட்டது.

தென்பெண்ணை மணலில் காசு பொறுக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் ஒரு வார்த்தை. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

ஒரு கவரில் இன்னும் பதினொரு காசு பெயரில்லாமல் இருக்கிறது. அதில் ஒன்றை நான் வெறும் தகடு என்றே நினைத்திருந்தேன். போன மாதம் கிருஷ்ணமூர்த்தியின் சங்ககால நாணய நூலில் வேறு எதையோ தேடும்போது, திருக்கோவிலூர்ப் பக்கத்தை ஆண்ட மலையமான் அரசர்களின் காசுப் படம் கண்ணில் பட்டது. தகட்டைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தேன். களிம்புக்கு அடியில் குதிரையின் முன்கால் இரண்டு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.