பெட்ரோல் காரா, மின்சார காரா? முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

சென்னையில் சின்ன கார் வாங்கப் போகிற பலரும் இப்போது இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

விலை: ஜிஎஸ்டி மின்சார காருக்கு 5 சதவீதம், சின்ன பெட்ரோல் காருக்கு 18. அப்படியும் பேட்டரி விலையால் ஷோரூமில் பெட்ரோல்தான் மலிவு.

ஓட்டும் செலவு: பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய், ஊருக்குள் 15 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மின்சார கார் ஒரு யூனிட்டில் ஏழு கி.மீ. ஓடும், யூனிட் 10 ரூபாய் என்றாலும் ஒன்றரை ரூபாய்தான். ஆனால் நம்ம ஊர் மீட்டர் இரண்டு மாதக் கணக்கு. ஏசியும் காரும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும், அதைச் சேர்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

வசதி: பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம். ஃபாஸ்ட் சார்ஜரில் பெரும்பாலும் முக்கால் மணி நேரமாவது ஆகும், அதுவும் முன்னால் யாரும் நிற்காவிட்டால்.

புகை: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, அதாவது கிலோமீட்டருக்கு 150 கிராம். மின்சார காருக்குப் புகைக்குழாயே இல்லை, சரி, ஆனால் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி என்பதால் அதன் கணக்கிலும் 100 கிராம் வருகிறது. பேட்டரி தயாரிப்பில் வரும் புகை தனி, அது நிறைய ஓட்டினால்தான் கழியும். மாடியில் சோலார் இருந்து பகலில் சார்ஜ் போட்டால் கதையே வேறு.

தினமும் நாற்பது ஐம்பது கி.மீ. ஓட்டம், சார்ஜ் போட சொந்த பார்க்கிங்: மின்சாரம், யோசிக்கவே வேண்டாம். அசோசியேஷன் ஒயர் இழுக்க விடாத அடுக்குமாடி, அடிக்கடி மதுரைப் பயணம்: பெட்ரோல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் என்றால் இருக்கிற பழைய காரே போதும்.