கேம்பர்வேனை நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள்: கார்ன்வாலில் ஐந்து கோடைகள்

பழைய டெலிவரி வேன் ஒன்றை கேம்பர்வேனாக மாற்றி வைத்திருந்த ஒருவரிடமிருந்து 2021இல் வாங்கினோம். மடக்கினால் சோபா, விரித்தால் படுக்கை. இரண்டு அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தள்ளினால் மேலே எழும் கூரை. நாங்கள் இருக்கும் பிரிஸ்டலில் இருந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் மேற்குக் கோடிக்கு நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வாரம் அங்கேதான். எப்படியும் அறுபது இரவுக்கு மேல் இந்த வேனில் தூங்கியிருப்போம்.

வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கும் வண்டி என்று நினைத்து வாங்காதீர்கள்.

முதல் வருடம் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். காலையில் எழுந்து மின்கேபிளைக் கழற்றி, கூரையை இறக்கி, அடுப்பின் மேல் இருந்ததை எல்லாம் அலமாரியில் திணித்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தால் கார் பார்க்கிங் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி. நம் வேன் நுழையாது. ஒரு மீனவக் கிராமத்துச் சந்தில் எதிரே டிராக்டர் வந்துவிட, என் கணவர் முன்னூறு அடி பின்னால் எடுத்ததில் இடது பக்கக் கண்ணாடி போயிற்று. இத்தனைக்கும் கடலை எங்கே பார்த்தோம்? கார்ன்வால் சாலைகளின் இரண்டு பக்கமும் கல் அடுக்கி மண் நிரப்பிய வேலி, அதன் மேல் புதர். வேன் சீட்டில் உட்கார்ந்தால் தெரிவதெல்லாம் புல்தான். கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

கண்ணாடி உடைந்த மறுநாள் வேறு வழியில்லாமல் பஸ் ஏறினோம். பென்சான்ஸ், செயிண்ட் ஐவ்ஸ் ஊர்களையும் மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டையும் தொட்டுச் சுற்றி வரும் 'லேண்ட்ஸ் எண்ட் கோஸ்டர்' பஸ், கோடையில் மேல்கூரை இல்லாத மாடி பஸ்ஸாக ஓடும். மாடியில் உட்கார்ந்ததும் வேலிக்கு மேலே தலை வந்துவிட்டது. மாடு மேயும் சின்னச் சின்ன வயல்கள், இடிந்த வெள்ளீயச் சுரங்கத்தின் புகைபோக்கி, அதற்கப்பால் அட்லாண்டிக். மரக்கிளை வந்தால் எல்லோரும் சேர்ந்து குனிய வேண்டும், அது தனி விளையாட்டு. இறங்கியபோது கணவர், "இனிமே நான் ஓட்டுறதா இல்லை" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து, கடல் தெரிகிற இடமா என்று பார்த்து முகாம் போடுவதை விட்டுவிட்டோம். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். நாங்கள் வழக்கமாகத் தங்குவது ஒரு பண்ணையின் வயல். நிறுத்தத்துக்கு மூன்று நிமிட நடை. போய் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்து, மின்சாரத்தைச் செருகினால் இரண்டு வாரத்துக்கு வண்டி நகராது. 2023, 2024இல் இங்கிலாந்து முழுக்க ஒருவழி பஸ் பயணத்துக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2025இல் அது 3 பவுண்டு ஆகிவிட்டது. முணுமுணுத்தேன், ஆனால் ஒரு நாள் பார்க்கிங் கட்டணத்தோடு பார்த்தால் இன்னும் மலிவுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்து நிறுத்தம் பலவற்றில் நிழற்குடை கிடையாது, கை காட்டினால்தான் பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, கோடை முடிந்தால் இன்னும் குறைவு. ஒரு மாலை கடைசி பஸ் வரவே இல்லை. நடைபாதை இல்லாத சாலையில் டார்ச் அடித்துக்கொண்டு ஐந்து மைல் நடந்தோம். அன்றிலிருந்து கடைசிக்கு முந்தைய பஸ்தான் எங்களுக்குக் கடைசி பஸ்.

நடைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகம் வரை 630 மைல் போகும் தென்மேற்குக் கடலோரப் பாதை இந்த முனையை முழுக்கச் சுற்றுகிறது. பஸ்ஸில் போய் ஒரு ஊரில் இறங்கி, பாறையோரமாக நடந்து, அடுத்த ஊரில் பஸ் பிடிக்கலாம். வேனில் போனால் நிறுத்திய இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். செயிண்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னர் வரை ஆறு மைல்தானே என்று செருப்போடு கிளம்பாதீர்கள். பாதி வழி சேறு, மீதி வழி கருங்கல். எனக்கு நாலரை மணி நேரம் பிடித்தது.

வேனுக்குள்ளே எது உழைத்தது? அடுப்பும் ஃபிரிட்ஜும் இன்றுவரை சரி. உள் விளக்குக்கான பேட்டரி மூன்றாவது வருடம் படுத்துவிட்டது, மாற்றினோம். பக்கவாட்டில் கட்டும் துணிக்கூடாரத்தை ஒரே இரவில் காற்று கிழித்தது. அதை மறுபடி வாங்கவில்லை. கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. அப்புறம், உள்ளே கடுகு தாளிக்காதீர்கள். திரைச்சீலை அக்டோபர் வரை மணக்கும். நியூலின் துறைமுகத்தில் சாளை வாங்கி வந்தால் வயலில் தனி அடுப்பு வைத்துத்தான் குழம்பு. (பிரிட்டன் மலைகளுக்குக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை உயரம் என்கிறார்களே, அந்த மட்டம் 1915 முதல் 1921 வரை இதே நியூலினில் அளந்து எடுத்த சராசரி.)

2023இல் அப்பா நாகர்கோவிலில் இருந்து வந்திருந்தார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லேண்ட்ஸ் எண்டைப் பார்த்துவிட்டு, "கன்னியாகுமரி மாதிரிதான் இருக்கு, பாசிமாலைதான் இல்ல" என்றார். மறுநாள் போர்த்கர்னோவில் இறங்கினோம். 1870இல் பிரிட்டனையும் பம்பாயையும் இணைத்த கடலடித் தந்தித் தடம் கரையேறிய கடற்கரை அது. பிற்பாடு வந்த கேபிள்கள் கரை சேர்ந்த சின்னக் குடில் ஒன்று இன்னும் நிற்கிறது. "இங்கதானா மக்களே கம்பி கரையேறிச்சு?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து தோண்டிய சுரங்கத்தில் இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து அவரைக் கிளப்ப முடியவில்லை. இரண்டு பஸ் போய்விட்டது.

மூன்றாவதுக்குக் காத்திருந்தபோது பெஞ்சில் விரல் முட்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"நாகர்கோவில்னு அடிச்சேன்" என்றார். பஸ் வந்தது. மாடிக்கு ஏறினோம்.