லான்மாஸ்ரருக்கும் குளிருமா? ஹீற்றர், செல்ஃப் ஸ்ராட், பழைய ஹாண்டில்

மார்கழி விடியப்புறம் கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் கொட்டிலுக்குள் நடக்கும் கூத்து இது. ஐயா ஹாண்டிலைச் சுற்றுவார். லான்மாஸ்ரர், அதுதான் எங்கள் இரண்டு சில்லு உழவு இயந்திரம், இரண்டு தரம் இருமி, வெள்ளைப் புகை விட்டு, நின்றுவிடும். ஏழெட்டுத் தரம் சுற்றினால்தான் பிடிக்கும். ஒருநாள் ஹாண்டில் திருப்பி அடித்து அவருடைய மணிக்கட்டு வீங்கியது. அதோடு இதற்கு ஒரு வழி பார்க்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது.

எட்மண்டனில் இருக்கும் அத்தானிடம் சொன்னேன். "தம்பி, ஒரு ஹீற்றரைப் பூட்டிவிடன். இரவில பிளக்கைச் செருகினா விடிய உடன ஸ்ராட்" என்றார். அங்கே கார்களின் முன்பக்கத்தில் ஒரு வயர் நாக்குப்போலத் தொங்கும். எஞ்சின் உடலில் வட்ட மூடி இருக்கும் துளையில் ஒரு சூடாக்கிக் கம்பியைப் பூட்டி, உள்ளே ஓடும் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். சாதாரண காருக்கு 400 முதல் 1000 வாற்ஸ் வரை போதும். மைனஸ் 30 பாகையில் ஒயில் பாகுபோல இறுகிவிடும் ஊருக்கு அது தேவைதான். எங்களுக்குப் பனி கொட்டும் விடியலிலும் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். அதோடு எங்கள் வயல் கொட்டிலில் கரண்டும் இல்லை. ஹீற்றர் கதை அவ்வளவுதான்.

ஆனால் அதன் யோசனை எங்களுக்குப் புதிதல்ல. ஒரு கேத்தல் சுடுதண்ணியை ரேடியேட்டருக்குள் ஊற்றினால் அதே வேலைதான். (கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, கை பொறுக்காத சூடு போதும்.) ஊற்றிப் பார்த்தோம். இரண்டாம் சுற்றில் எழும்பியது. சந்தோசமாகப் போய்க் கராஜ்காரருக்குச் சொன்னால் அவர் சிரித்தார். "இந்தக் குளிருக்கே சுடுதண்ணி கேக்குதெண்டா, வருத்தம் குளிரில இல்லை, றிங்கில."

சரிதான். டீசல் எஞ்சினில் நெருப்புப்பொறி கிடையாது. காற்றை இறுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் றிங் தேய்ந்தால் இறுக்கம் பக்கத்தால் கசியும், சூடு போதாது, பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். அமுக்கத்தைத் திறக்கும் சின்ன நெம்பைத் தொடாமல் ஹாண்டிலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தோம். நல்ல எஞ்சினென்றால் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். எங்களுடையது பெருமூச்சு விட்டதுபோல வழிவிட்டது.

ஆக, மிஞ்சியவை இரண்டு: பற்றரியால் எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் ஸ்ராட் செட் பூட்டுவது, அல்லது றிங் மாற்றிவிட்டு ஹாண்டிலோடேயே இருப்பது. நாங்கள் றிங் மாற்றினோம். செலவு குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பற்றரி.

எங்கள் லான்மாஸ்ரர் வருடம் முழுக்க ஓடுவதில்லை. காலபோகத்துக்கு (மாரி நெல்லுக்கு) உழுது, தை மாசியில் நெல் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. சிறுபோகம் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் எங்களுக்குப் பங்கு குறைந்தால் இயந்திரம் பங்குனியில் இருந்து புரட்டாதி வரை தகரக் கொட்டிலுக்குள் தூங்கும். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் சூட்டில் கொட்டிலுக்குள் நிற்க ஏலாது. ஈயப் பற்றரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். சூடு 10 பாகை கூடினால் இறங்கும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். முழுதாக ஏறிய பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழே போனதை அப்படியே விட்டால் தகடுகளில் வெள்ளை உப்புப் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. காப்பாற்ற வழி இருக்கிறது: வயரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு, வடிநீர் மட்டம் பார்க்க வேண்டும். யார் செய்வது? பக்கத்து வளவு அண்ணை செல்ஃப் பூட்டிய முதல் வருடம் செய்தார். இரண்டாம் வருடம் மறந்தார். மூன்றாம் உழவுக்கு அவரும் ஹாண்டிலோடு நின்றார்.

ஐயாவுக்கு இதில் வேறு கணக்கும் உண்டு. 90களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். பற்றரியை நம்பி ஒரு வேலையைத் தொடங்குவது அவருக்கு இன்றைக்கும் பிடிக்காது.

றிங் மாற்றியபோதே எஞ்சின் ஒயிலையும் 15டபிள்யூ-40 என்ற ரகத்துக்கு மாற்றினோம். இப்போது சுடுதண்ணி இல்லாமலே இரண்டாம் மூன்றாம் சுற்றில் பிடிக்கிறது. இதில் றிங்குக்கு எவ்வளவு, ஒயிலுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஓடியதும் இரண்டு மாரிதான். ஹாண்டில் பிடிப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: பெருவிரலைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். திருப்பி அடித்தாலும் கை கழன்று வந்துவிடும். ஐயா மடக்கித்தான் பிடித்திருந்தார்.

வருடம் முழுக்க மணல், கல் ஏற்றி ஓடுபவர் என்றால் நான் செல்ஃப் பக்கம்தான் சொல்வேன். ஓடுகிற இயந்திரத்தில் பற்றரி தானே ஏறிக்கொள்ளும். தனியாக வயல் செய்யும் என் சின்னம்மாவுக்கும் அதையே சொன்னேன். அவருக்கு வீட்டு விறாந்தையிலேயே கரண்ட் இருக்கிறது, மாதச் சார்ஜை மறக்கவும் மாட்டார். ஐயா மட்டும் இன்னும் மார்கழியில் கேத்தலைக் கொண்டுபோகிறார். இப்போது அது தேத்தண்ணிக்கு.